40 கேபி விளையாட்டுக்கு 2 டிபி டிஸ்க்கா?

பழைய வீடியோ கேம்களை ஓட்டும் பெட்டி தயார். சும்மா கிடந்த பழைய மினி கம்ப்யூட்டரைத் தூசு தட்டி, ராமை 8 ஜிபி ஆக்கி, அதற்கான பட்டோசெரா என்ற இயங்குதளத்தைப் பென் டிரைவில் ஏற்றி ஓட்டிப் பார்த்தாயிற்று. இரண்டு கன்ட்ரோலரும் சொன்னபடி கேட்கின்றன. பாக்கி இருந்தது ஒரே கேள்விதான்: உள்ளே எத்தனை ஜிபி டிஸ்க் போடுவது?

அந்தக் கேள்வியிலேயே மூன்று வாரம் ஓடிவிட்டது. முதலில் மனதில் இருந்தது 2 டிபி. பெரிய காரணமெல்லாம் இல்லை. பெரிதாக வாங்கிவிட்டால் பிறகு யோசிக்க வேண்டாமே என்ற சோம்பல்தான்.

அந்தச் சோம்பலில் முதலில் மாட்டியது, 1 டிபி என்று அச்சடித்த, பெயர் கேள்விப்படாத ஒரு மெமரி கார்டு. விளையாட்டுகளை எல்லாம் அதில் ஏற்றினேன். எந்தப் பிழையும் காட்டாமல் ஏறியது. கேட்ரிட்ஜ் விளையாட்டுகள் ஓடின, பிளேஸ்டேஷன் பட்டியலில் முதல் சில எழுத்துகளில் தொடங்குபவையும் ஓடின. பாதிக்கு மேல் எதைத் திறந்தாலும் கறுப்புத் திரை. டம்ப் எடுத்ததில், அதாவது சிடியைக் கோப்பாக நகலெடுத்ததில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு சிடியை மறுபடி படித்தேன், வீண் வேலை. கடைசியில் எஃப்3 என்ற சோதனை மென்பொருளை ஓடவிட்டேன். அது கார்டு நிரம்பும் வரை எழுதிவிட்டு, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். ஏறத்தாழ 31 ஜிபி வரை சரி, அதற்கு மேல் எல்லாம் குப்பை. உள்ளே இருப்பது 32 ஜிபி சில்லு. கம்ப்யூட்டரிடம் 1 டிபி என்று பொய் சொல்லும்படி கார்டை நடத்தும் கன்ட்ரோலர் சில்லை மாற்றி வைத்திருக்கிறார்கள். கோப்புகளின் பட்டியல் கார்டின் தொடக்கத்தில் இருப்பதால் பெயர்கள் மட்டும் ஒழுங்காகத் தெரிந்துகொண்டிருந்தன. இனி எந்தக் கார்டு வந்தாலும் முதல் வேலை இந்தச் சோதனைதான்.

சரி, கணக்குப் போடாமல் வாங்கக்கூடாது என்று உட்கார்ந்தேன். என்னிடம் இருக்கும் கேட்ரிட்ஜ்களும் டிஸ்க்குகளும் மட்டும்தான் இந்தப் பெட்டிக்குள் போகப் போகின்றன. எண்ணிப் பார்த்துவிடலாம்.

கேட்ரிட்ஜ்கள் 145. என்இஎஸ், சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ், கேம்பாய் அட்வான்ஸ் என நான்கு கருவிகளுடையதையும் சேர்த்து 306 எம்பி. எம்பிதான், ஜிபி இல்லை. அந்தக் காலத்தில் '24 மெகா' என்று பெருமையாகப் போட்டதெல்லாம் மெகாபிட் கணக்கு. எட்டு பிட் ஒரு பைட் என்பதால், எட்டால் வகுத்தால் 3 எம்பி. சூப்பர் நின்டெண்டோவில் மிகப் பெரியது என்று சொல்லப்படும் டேல்ஸ் ஆஃப் ஃபன்டேசியாவே 48 மெகாபிட், அதாவது 6 எம்பி. என் கைபேசியில் எடுக்கும் ஒரு படம் அதைவிடப் பெரிது.

இங்கே ஒரு வேடிக்கை. சூப்பர் மேரியோ பிரதர்ஸ் சரியாக 40 கேபி, அதாவது 40,960 பைட். பழைய கருவி போல நடிக்கும் மென்பொருளான எமுலேட்டருக்காக முன்னால் ஒட்டியிருக்கும் 16 பைட் தலைப்பையும் சேர்த்தால் கோப்பு 40,976 பைட். பென் டிரைவை எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மேட் செய்திருந்தேன். 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவில் எக்ஸ்ஃபேட் இயல்பாக 128 கேபி துண்டுகளாகத்தான் இடம் ஒதுக்கும். ஆக, 40 கேபி மேரியோ 128 கேபி இடத்தில் கால் நீட்டிப் படுத்திருந்தது. அதையே எக்ஸ்ட்4 ஃபார்மேட்டில் போட்டால் துண்டு 4 கேபிதான். விளையாட்டு சரியாகப் பத்துத் துண்டுகளில் அடங்கிவிடும், ஆனால் அந்த 16 பைட் தலைப்புக்காகப் பதினோராவது துண்டு ஒன்று! மொத்தத்தில் இதெல்லாம் சில எம்பிதான், முடிவை மாற்றாது. ஆனாலும் ஒரு சாயங்காலம் முழுக்க இதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட்ரிட்ஜ் விஷயத்தில் உண்மையிலேயே இடம் பிடித்தது விளையாட்டு இல்லை, அலங்காரம். பட்டியலில் ஒரு பெயர் மேல் நின்றால் அட்டைப்படம் வரவேண்டும், சின்ன வீடியோ ஓடவேண்டும் என்று ஆசைப்பட்டு எல்லாவற்றுக்கும் இறக்கினேன். ஒரு வீடியோ சராசரியாக 4 எம்பி. 145 விளையாட்டுக்கு வீடியோ மட்டும் 580 எம்பி. 40 கேபி மேரியோவுக்கு அதைப் போல நூறு மடங்கு பெரிய விளம்பரம். இதை யாரிடமாவது சொல்லிச் சிரிக்கவேண்டும் போல இருந்தது.

டிஸ்க்குகளுக்கு வந்ததும் கதையே மாறிவிட்டது. பிளேஸ்டேஷனில் 38 விளையாட்டு, 61 சிடி. ஃபைனல் ஃபேன்டசி 7 மூன்று சிடி, எட்டும் ஒன்பதும் நான்கு நான்கு. அப்படியே டம்ப் எடுத்தால் 33 ஜிபிக்கு மேல். இவற்றை மேம் என்ற எமுலேட்டர் திட்டத்தோடு வரும் சிஹெச்டிமேன் கருவியால் சிஹெச்டி என்ற சுருக்கிய வடிவத்துக்கு மாற்றினேன். 21 ஜிபி ஆனது. தரவு எதுவும் இழக்காத சுருக்கம் இது; வேண்டுமென்றால் திரும்பப் பழைய வடிவத்துக்குப் பிரித்துக்கொள்ளலாம். பாட்டுத் தடங்களை ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் முறையில் சுருக்குகிறது. ரிட்ஜ் ரேசர் நல்ல உதாரணம். அந்த விளையாட்டு முழுக்க பிளேஸ்டேஷனின் 2 எம்பி ராமுக்குள் ஏறிவிடும். ஏறியபின் சிடியை எடுத்துவிட்டு நம்முடைய பாட்டு சிடியைப் போட்டு அதைக் கேட்டபடி ஓட்டலாம். சிடியில் மிச்சமெல்லாம் பாட்டுதான்.

நின்டெண்டோவின் கேம்கியூப் இதைவிட விசித்திரம். சின்னதோ பெரிதோ, எந்த விளையாட்டின் டிஸ்க்கை டம்ப் எடுத்தாலும் 1,45,99,78,240 பைட்தான். காலி இடத்தில் எல்லாம் அர்த்தமற்ற எண்களைக் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். வெறும் பூஜ்யமாக இருந்தால் சாதாரண ஜிப்பே சுருக்கிவிடும். தாறுமாறான எண்களை அப்படிச் சுருக்க முடியாது. டால்ஃபின் எமுலேட்டரின் ஆர்விஇசட் வடிவத்துக்கு அந்தக் குப்பை எந்தச் சூத்திரத்தால் உருவானது என்று தெரியும். அதனால் குப்பையைச் சேமிக்காமல், எப்படித் திரும்ப உருவாக்குவது என்பதை மட்டும் குறித்து வைத்துக்கொள்கிறது. என் 16 டிஸ்க்கும் 23 ஜிபியிலிருந்து 13 ஜிபிக்கு இறங்கின. அனிமல் கிராஸிங் சில பத்து எம்பிக்குச் சுருண்டதைப் பார்த்து, ஏதோ தப்பாகிவிட்டது என்று நினைத்துத் திறந்து ஓட்டிப் பார்த்தேன். நன்றாக ஓடியது.

அப்புறம் பிளேஸ்டேஷன் 2. இதுவரை டம்ப் எடுத்தது 27. எல்லாம் சேர்த்து 84 ஜிபி, சிஹெச்டி ஆக்கியபின் 58. இங்கே ஒரு விஷயம் கவனிக்கவேண்டும்: அடிப்பக்கம் நீலமாக இருப்பவை சிடி, வெள்ளியாக இருப்பவை டிவிடி. சிஹெச்டிமேனில் இரண்டுக்கும் கட்டளை வேறு. நான் முதலில் எல்லாவற்றுக்கும் சிடி கட்டளையையே போட்டுவிட்டு, டிவிடிகளை மறுபடி செய்தேன். இன்னொன்று, காட் ஆஃப் வார் 2 இரட்டை அடுக்கு டிவிடி. ஃபேட்32 ஃபார்மேட்டில் இருந்த பழைய பென் டிரைவுக்கு அதை நகலெடுக்கப் பார்த்தால் இடம் இல்லை என்றது. இடமெல்லாம் தாராளமாக இருந்தது. ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 ஏற்காது, அவ்வளவுதான்.

ஆக, மொத்தம் 92 ஜிபி. படங்களும் வீடியோக்களும் சேர்ந்து 1 ஜிபிக்குச் சற்று மேல். இன்னும் எடுக்கவேண்டிய பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்குகள் 19, அதற்கு ஒரு 42 ஜிபி. சிஸ்டத்துக்கும் மற்றவற்றுக்கும் 10 என்று வைத்தாலும் 145 ஜிபியில் முடிகிறது. எங்கே 2 டிபி, எங்கே இது!

256 ஜிபி எஸ்எஸ்டி வாங்கினேன். திரையில் 238 என்றுதான் காட்டும். தயாரிப்பவர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள், கம்ப்யூட்டர் 1024ஆல் வகுக்கிறது; யாரும் ஏமாற்றவில்லை. 512 வாங்கியிருக்கலாமே என்று நண்பன் கேட்டான். வாங்கியிருக்கலாம்தான். ஆனால் அந்த இடத்தில் எதைப் போடுவது? அடுத்து பிளேஸ்டேஷன் 3. அது ப்ளூரே, ஓர் அடுக்கே 25 ஜிபி. என் பெட்டியோ பிளேஸ்டேஷன் 2க்கே சில இடங்களில் மூச்சு வாங்குகிறது. அந்தத் தலைமுறைக்குப் போனால் டிஸ்க்கை மட்டுமல்ல, பெட்டியையே மாற்றவேண்டும். இதை முதலிலேயே யோசித்திருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. பிளேஸ்டேஷனின் சிடி டிரைவ் நொடிக்கு 300 கேபிதான் படித்தது, பிளேஸ்டேஷன் 2 டிவிடி 5 எம்பி சொச்சம். சாதாரண சாட்டா எஸ்எஸ்டிக்கு இது தூக்கத்தில் செய்யும் வேலை. பட்டியலை வேகமாக உருட்டும்போது படங்கள் திக்காமல் வருவதில்தான் பென் டிரைவுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரிகிறது.

சுருக்காத மூல டம்ப்கள் எல்லாம் பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றில் தனியாக இருக்கின்றன. விளையாட்டில் எதுவரை வந்தோம் என்ற சேமிப்புகள் மட்டும் வாரம் ஒருமுறை பென் டிரைவுக்குப் போகின்றன. பிளேஸ்டேஷன் மெமரி கார்டு கோப்பு ஒன்று 128 கேபி, பிளேஸ்டேஷன் 2க்கு 8 எம்பி, நகலெடுக்க டீ ஆறும் நேரம்கூட ஆகாது.

பாக்கி 19இல் இன்றோடு இரண்டு முடிந்தன. மூன்றாவது இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. வெளிவட்டத்தில் ஒரு கீறல். 62 சதவீதத்தில் வந்து நின்று, டிரைவ் கறகறவென்று அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறது.