எலும்பைத் தேடும் விரல்

எங்கள் நடை ஆய்வகத்துக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, கொலுசையும் மெட்டியையும் கழற்றி வையுங்கள் என்பதுதான். வெள்ளி பளபளத்தால் கேமரா அதையும் ஒரு மார்க்கர் என்று எடுத்துக்கொள்ளும். அறையைச் சுற்றிப் பத்து கேமராக்கள். ஒவ்வொன்றும் அகச்சிவப்பு ஒளியை வீசி, உடம்பில் ஒட்டியிருக்கும் 14 மில்லிமீட்டர் மார்க்கர் உருண்டைகளில் பட்டுத் திரும்புவதை விநாடிக்கு 100 முறை பதிவு செய்யும். இரண்டு கேமராக்களாவது ஓர் உருண்டையைச் சேர்ந்தாற்போலப் பார்த்தால்தான் அது இருக்கும் இடத்தைக் கணக்கிட முடியும். திரையில் ஆள் இருக்கமாட்டார். வெள்ளைப் புள்ளிகள் மட்டும் நடந்து போகும்.

1890களில் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் பிரவுனே, ஃபிஷர் என்ற இருவர், ஒளிரும் குழாய்களை ஒரு ஆளின் கைகால்களில் கட்டி இருட்டில் நடக்கவிட்டுப் படமெடுத்தார்கள். மின்சாரம் தாக்காதபடி அவற்றைக் கட்டி முடிக்கவே மணிக்கணக்கில் ஆனதாம். நான் அரை மணியில் ஒட்டிவிடுவேன். ஆனால் அந்த அரை மணிதான் இந்த வேலையில் கடினமானது.

மார்க்கர் ஒட்டுவது தோலில். எங்களுக்குத் தெரிய வேண்டியது எலும்பு. இடுப்பின் முன்பக்க முனை, முழங்காலின் வெளிப்புற மேடு, கணுக்கால் மொட்டு என்று ஒவ்வொன்றையும் விரலால் அமுக்கித் தேட வேண்டும். முழங்காலை மடக்கி நீட்டச் சொல்வேன். சுற்றிலும் எல்லாம் நகரும்போது விரலுக்கடியில் ஓரிடம் மட்டும் அதிகம் நகராமல் நிற்கும். அங்கே பேனாவால் புள்ளி வைத்து, ஸ்பிரிட் பஞ்சால் சுற்றித் துடைத்துவிட்டு ஒட்டுவேன். காலுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக் கூட்டிவரும் அம்மாக்கள் நிறைய பேர். இரண்டு முறை துடைக்காவிட்டால் நாலாவது எட்டிலேயே டேப் கழன்று விழும். சரியாக ஒட்டினாலும் நடக்கும்போது தொடைத்தோல் எலும்பின்மேல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வழுக்கும். அதை யாராலும் நிறுத்த முடியாது. நம் விரலின் பிழையையாவது குறைக்கலாம்.

ஒரு முறை நான் குறைக்கவில்லை.

ஒன்பது வயதுப் பையன். செரிப்ரல் பால்சி, அதாவது மூளைப் பாதிப்பால் கைகால் அசைவு சரியாக வராத நிலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ராத்திரி பஸ் ஏறி வந்திருந்தார்கள். முழங்கால் லேசாக மடங்கியபடி, நுனிக்காலில் நடந்தான். "குதிகால் நரம்பு இழுத்துக்கிச்சு, வெட்டி விட்டா சரியாயிடும்னு சொல்றாங்க மேடம்," என்றார் அவன் அம்மா. பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் முழங்கால் மடங்கியிருந்தால் கணுக்கால் நன்றாக இருந்தாலும் குதிகால் தரையைத் தொடாது. நீங்களே முழங்காலை மடக்கி, முன்னால் சாயாமல் நின்று பாருங்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு, அந்த அம்மா நரம்பு என்று சொன்ன குதிகால் நாணை மட்டும் வெட்டி நீளமாக்கினால் கெண்டைக்காலின் பிடிமானம் போய், குழந்தை இன்னும் கீழே குந்திக்கொண்டே நடக்கும். அளந்து பார்ப்பது அதற்காகத்தான்.

அன்று அவனுக்கு முன் மூன்று பேரை முடித்திருந்தேன். அவசரம். அவர்கள் போன பிறகு சாயங்காலம் வரைபடத்தைத் திறந்தால், வலது கால் காற்றில் முன்னேறும் நேரத்தில் முழங்கால் பக்கவாட்டில் 15 டிகிரி வளைந்திருந்தது. கால் தரையில் இல்லாதபோது எந்த முழங்காலும் பக்கவாட்டில் அவ்வளவு வளையாது. வெளிப்புற மார்க்கரை நான் ஒரு சென்டிமீட்டருக்கும் கூடுதலாக முன்னால் தள்ளி ஒட்டியிருக்கிறேன். கணக்கில் முழங்கால் மடங்கும் அச்சே திரும்பிவிட்டது. அதனால் தொடையெலும்பு உள்பக்கம் திரும்பியிருப்பதாகவும் காட்டியது. அந்த எண்ணை நம்பினால் எலும்பையே வெட்டித் திருப்பி வைப்பதைப் பற்றி யோசிப்பார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவர்களைத் திரும்ப வரவழைக்கக் கூச்சமாக இருந்தது. அப்பாவுக்கு இரண்டு நாள் கூலி போகும். கூட வேலை செய்பவர், காலில் கட்டும் சென்சார்களை ஊருக்கே அனுப்பி, வீடியோ அழைப்பில் பார்த்தபடி கட்டச் சொல்லலாமே என்றார். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். முடுக்கத்தையும் சுழற்சியையும் காந்தப்புலத்தையும் அளக்கும். கேமரா வேண்டாம், அறை வேண்டாம். எனக்கும் ஆசையாக இருந்தது. ஆனால் எங்களிடம் இருந்த சென்சார்களில், கட்டியவுடன் ஆளை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, அந்த நிலையில் முழங்கால் பூஜ்யம் டிகிரி என்று கணக்கைத் தொடங்குவார்கள். இவனால் நிமிர்ந்து நிற்க முடியாது. அவனுடைய மடங்கலே பூஜ்யமாகிப் போகும். பக்கத்தில் இரும்பு பீரோ இருந்தால் காந்த அளவு கெடுவது இன்னொரு தொல்லை.

சரி என்று நானே போன் செய்தேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வர்றோம் மேடம். இந்த தடவை நிதானமா பாருங்க," என்றார்.

பத்து நாள் கழித்து வந்தார்கள். அன்று வேறு யாரையும் வரச் சொல்லவில்லை. பையனைக் கட்டிலில் உட்கார வைத்து, வலது முழங்காலைப் பிடித்து மடக்கி நீட்டினேன். ஒரு முறை, இரண்டு முறை, ஆறு முறை. புள்ளி வைத்ததும் குனிந்து பார்த்தான். சைக்கிளில் விழுந்த பழைய தழும்பு ஒன்று அங்கே இருந்தது.

"போன தடவ இந்தத் தழும்பு மேலயே ஒட்டுனீங்கக்கா. இப்ப பின்னால வெக்கிறீங்க."

"ஆமா கண்ணா. அன்னைக்கி அக்கா சரியா பாக்கல."

இம்முறை பக்கவாட்டு வளைவு ஐந்து டிகிரிக்குள் அடங்கியது. தொடை திரும்பலும் மறைந்தது. கணுக்கால் ஏறக்குறைய நன்றாகவே இருந்தது, மடங்கியது முழங்கால்தான். படுக்க வைத்துக் கோணமானியால் அளந்தால், முழுதாக நீட்டியும் பத்து டிகிரி மடங்கல் மிச்சமிருந்தது. பிறகு தொடையிலும் கீழ்க்காலிலும் சென்சார்களைக் கட்டி, கேமராக்களுக்கு முன்னால் நிற்க வைத்து, பூஜ்யத்துக்குப் பதிலாகக் கேமரா காட்டிய கோணத்திலிருந்தே கணக்கைத் தொடங்கினேன். பட்டை எங்கே வர வேண்டும் என்று அம்மாவின் விரலைப் பிடித்துக் காட்டி, பேனாவால் கோடு போட்டு, ஒரு பள்ளிக்கூட நாளைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னேன்.

எங்கள் எட்டு மீட்டர் பாதையில் அவன் தன்னால் முடிந்த அளவு நன்றாக நடந்து காட்டியிருந்தான். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். பள்ளிக்கூடப் பதிவில் காலை மணிக்கு அதே நடை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முழங்கால் இன்னும் பத்து டிகிரி மடங்கியிருந்தது.

இரண்டு பதிவுகளையும் மேசையில் வைத்து எலும்பு மருத்துவர் வெகுநேரம் பார்த்தார். குதிகால் நாணை யாரும் தொட வேண்டாம் என்று கோப்பில் எழுதினார்.