இருபத்தொரு பூனை

ரஷ்ய மொழியில் ஆறே வேற்றுமைதான் என்று கேள்விப்பட்டதும் எனக்கு ஏக மிதப்பு. பள்ளிக்கூடத்திலேயே எட்டைப் பார்த்த ஆள் நாம்! ஜெர்மனியில் ஸ்லாவிய மொழிகளும் (ரஷ்யன் அந்தக் குடும்பம்தான்) இலக்கியமும் படிக்கச் சேர்ந்த புதிதில், நாலே வேற்றுமையோடு வளர்ந்த ஜெர்மன் பிள்ளைகளைப் பார்த்துப் பாவம் என்றுகூட நினைத்தேன்.

மிதப்பு இறங்கியது எண்ணுப்பெயர் பாடத்தில். ஒன்று என்றால் பெயர்ச்சொல் சாதுவாக நிற்கும். 2, 3, 4 என்றால் ஆறாம் வேற்றுமை ஒருமை. 5 முதல் 20 வரை ஆறாம் வேற்றுமைப் பன்மை. அங்கேதான் வில்லங்கம்: சில சொல்லுக்கு வால் அறுந்துவிடும், சிலதுக்கு நடுவில் ஓர் உயிரெழுத்து முளைக்கும்.

ஆகவே உரையாடல் வகுப்பில் எல்லோரும் குடும்பத்தைச் சுருக்கிக்கொண்டோம். ஊரில் எனக்கு ரெண்டு அக்கா, ஒரு அண்ணன். வகுப்பில் அண்ணன் மட்டும். (ஸ்லோவேனிய மொழியில் இரண்டுக்கென்றே தனி வடிவம் இருக்கிறதாம். அங்கே அக்காக்கள் பேச்சையே எடுக்க மாட்டேன்.) பக்கத்து இருக்கைப் பெண் வாரம் முழுக்க ஒரே ஓர் ஆப்பிளில் காலம் தள்ளினாள். 'போவது' என்றால் நடந்தா, வண்டியிலா, ஒரு தடவையா, வழக்கமாகவா என்று பார்த்து வினைச்சொல்லே மாறும். அதனால் கொட்டும் பனியிலும் நாங்கள் எங்கேயும் நடந்தே போனோம். டிராம் பாஸ் சட்டைப்பையில் இருக்கும்.

ஆசிரியை பீட்டர்ஸ்பர்க்காரர். பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும், இனிஷியலை விரித்துச் சொல்கிற மாதிரி. ஒரு நாள் கடைசி வரிசைப் பையனைப் பிடித்தார்.

"வீட்டில் செல்லப்பிராணி உண்டா?"

"உண்டு. இருபத்தொரு பூனை."

பயல் கெட்டிக்காரன். 21 வந்தால் பெயர்ச்சொல் மறுபடி சாதுவாகிவிடும், ஒன்றுக்கு நின்ற மாதிரியே. அம்மையார் முகத்தில் சலனமே இல்லை.

"அடடா. அதில் ஒன்று ஓடிப்போய்விட்டால் மீதி?"

இருபது. ஆறாம் வேற்றுமைப் பன்மை. பூனைக்கு நடுவில் உயிரெழுத்து முளைக்கும் ரகம் வேறு. வகுப்பில் சத்தமே இல்லை.

"இன்னொன்று குட்டி போட்டுவிட்டது. மறுபடி இருபத்தொன்று."

"ஒரே குட்டியா?"

"ஒன்றே ஒன்றுதான்."

அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வீட்டுப்பாடம் சொன்னார்: பூனைக்கு ஐந்து மீன் வீதம் வாங்கிப் போட்டு, எது எவ்வளவு தின்றது, எவ்வளவு மிச்சம் என்று எல்லோரும் ஒரு பக்கம் எழுதிவர வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 105 மீன். ஐந்தில் முடிகிற எண். வகுப்பே திரும்பி அவனை முறைத்தது.