சனிக்கிழமை என்று எழுதினேன்

காலை எட்டு மணிக்கு அலுவலகத்துக்குள் நுழைந்ததும் என் முதல் வேலை பேப்பர் வெட்டுவது. தினத்தந்தி, தினமணி, தினமலர், தினகரன், இந்து தமிழ் திசை எல்லாம் ஒரு பக்கம், ஆங்கில நாளிதழ்கள் இன்னொரு பக்கம் அடுக்கியிருக்கும். எங்கள் கிளையன்ட் யாரைப் பற்றியாவது நாலு வரி வந்திருந்தாலும் அதைக் கத்தரித்து, வெள்ளைத்தாளில் ஒட்டி, மேலே பத்திரிகையின் பெயர், பதிப்பு, பக்கம், தேதி எழுத வேண்டும். அப்புறம் ஸ்கேலை எடுத்து அளக்க வேண்டும். இரண்டு பத்தி (காலம், column) அகலம், பதினொரு சென்டிமீட்டர் உயரம் என்றால் இரண்டையும் பெருக்கி 22 காலம் சென்டிமீட்டர். அந்தப் பத்திரிகையில் அதே அளவுக்கு விளம்பரம் கொடுத்தால் என்ன செலவாகும் என்று ரேட் கார்டைப் பார்த்துப் பெருக்கி, எக்செல் தாளில் போட வேண்டும். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்து, ‘இத்தனை லட்சத்துக்கு உங்களுக்குக் கவரேஜ் வாங்கித் தந்திருக்கிறோம்’ என்று கிளையன்டுக்கு அறிக்கை போகும்.

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில், நுங்கம்பாக்கத்தில் ஒரு பி.ஆர்., அதாவது மக்கள் தொடர்பு நிறுவனத்தில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப். படிப்பு முடிந்ததும் இந்தத் துறைக்குத்தான் போக வேண்டும் என்று முதல் வருடமே முடிவு செய்திருந்தேன். அருப்புக்கோட்டையில் என் வீட்டில் ‘பி.ஆர்.’ என்று சொன்னால் யாருக்கும் புரியாது. ‘பி.ஆர்.ஓ.’ என்றால் புரியும். சினிமாவுக்கா, கலெக்டர் ஆபீசுக்கா என்பது அடுத்த கேள்வி.

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் இரண்டுமே சரி. மாவட்டம்தோறும் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் இருக்கிறார். ஆட்சியர் கலந்துகொள்ளும் நிகழ்ச்சியின் செய்திக்குறிப்பும் படமும் அவர் அலுவலகத்திலிருந்துதான் பத்திரிகைகளுக்குப் போகின்றன. சினிமாவில் பிலிம் நியூஸ் ஆனந்தன். 1958-இல் வந்த ‘நாடோடி மன்னன்’ படத்துக்கு மக்கள் தொடர்பு வேலை பார்த்தவர். தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று அவரைத்தான் சொல்வார்கள். அவர் படங்களுக்குச் செய்தி கொடுத்ததோடு நிற்கவில்லை. எந்தப் படம் எந்த வருடம் வந்தது, யார் தயாரித்தது, யார் யார் நடித்தது என்று வாழ்நாள் முழுக்கத் தகவல் சேர்த்தார். செய்தி சொல்கிறவருக்குத் தகவல் மேல் அப்படி ஓர் அக்கறை இருந்திருக்கிறது. அதே 1958-இல்தான் இந்திய மக்கள் தொடர்புச் சங்கமும் தொடங்கியது என்று பிறகு பாடத்தில் படித்தேன்.

சரி, அலுவலகத்துக்கு வருகிறேன். இரண்டாவது வாரத்திலேயே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வெட்டி ஒட்டுகிற செய்திகளில் ஆங்கிலம்தான் அதிகம். தமிழில் வந்தால் இரண்டு வரி, மூன்று வரி. அக்காவிடம் கேட்டேன். எனக்கு மேலே இருந்த சீனியரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். “தமிழ் டெஸ்க்ல நம்ம நோட்டை எடுக்கறதே இல்லப்பா” என்றார். பத்திரிகையில் செய்தியைத் திருத்திப் போடுகிற பிரிவுதான் டெஸ்க், நோட் என்பது நாங்கள் அனுப்பும் செய்திக்குறிப்பு. ஏன் என்று தெரிந்துகொள்ள, அனுப்பிய செய்திக்குறிப்புகளை எடுத்துப் படித்தேன். ஆங்கிலத்தில் எழுதி, வார்த்தைக்கு இவ்வளவு என்று கொடுத்து வெளியே மொழிபெயர்த்து வாங்கியவை. ‘முன்னணி நிறுவனமான’ என்று ஆரம்பித்து, ‘அறிவிப்பதில் பெருமகிழ்ச்சி கொள்கிறது’ என்று முதல் வாக்கியம் முடிவதற்குள் ஆறு வரி ஓடிவிடும். எங்கே, எப்போது, யாருக்கு என்பது நான்காவது பத்தியில் கிடக்கும்.

ஒரு நாளிதழின் உதவி ஆசிரியருக்கு ஃபாலோ-அப் போன் செய்தபோது அவர் கோபமே இல்லாமல் கேட்டார்: “ஏம்மா, இதை எழுதினவங்க ஒரு தடவையாவது வாய்விட்டுப் படிச்சுப் பார்த்தாங்களா?”

அந்தக் கேள்வியோடு அக்காவிடம் போய், தமிழ்க் குறிப்புகளை நான் நேராகத் தமிழிலேயே எழுதட்டுமா என்று கேட்டேன். உடனே சரி என்றார். கல்லூரியில் எங்களுக்குச் செய்திக்குறிப்பு எழுதும் பயிற்சி உண்டு, ஆனால் எல்லாமே ஆங்கிலத்தில். தமிழில் ஒன்றுகூட எழுதச் சொன்னதில்லை. தமிழ்நாட்டில் மக்கள் தொடர்பு சொல்லிக்கொடுக்கிற இடத்தில் இது பெரிய குறை என்று இப்போதும் நினைக்கிறேன். பழைய தமிழ் நாளிதழ்களின் மாவட்டச் செய்திப் பக்கங்களை வைத்துக்கொண்டு நானே பழகினேன். முதல் வாக்கியத்தில் இடம், நாள், நிகழ்ச்சி. அடுத்ததில் யாருக்குப் பயன், கட்டணம் உண்டா இல்லையா. நிறுவனத்தின் பெருமை கடைசிப் பத்தியில். பக்கத்தில் இடம் இல்லையென்றால் டெஸ்க்கில் கீழேயிருந்துதான் வெட்டுவார்கள். வெட்டினாலும் வாசகருக்கு வேண்டியது மிஞ்ச வேண்டும். மூன்றே வாரத்தில் தமிழ்க் கவரேஜ் கூடியது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அப்போதுதான் கண் முகாம் வந்தது. ஒரு கண் மருத்துவமனை திருத்தணி பக்கம் ஒரு பள்ளியில் இலவசப் பரிசோதனை முகாம் நடத்துகிறது. கண்புரை இருந்தால் அறுவை சிகிச்சையும் இலவசம். ஆதார் அட்டை, பழைய மருந்துச்சீட்டு, போட்டிருக்கிற கண்ணாடி எல்லாம் எடுத்து வர வேண்டும் என்பது வரை கேட்டு வாங்கி எழுதினேன். வியாழக்கிழமை மதியம் ஏழு தமிழ் நாளிதழ்களுக்கு அனுப்பினேன். நான் எழுதியதிலேயே நல்ல குறிப்பு அது. ஒரே ஒரு வார்த்தை தப்பு. முகாம் ஞாயிற்றுக்கிழமை. நான் சனிக்கிழமை என்று எழுதியிருந்தேன்.

முதல் மெயிலில் அவர்கள் சனிக்கிழமை என்றுதான் சொல்லியிருந்தார்கள். பள்ளி கிடைக்கவில்லை என்று ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றி இரண்டாவது மெயில் வந்திருக்கிறது. ஆங்கிலக் குறிப்பைத் திருத்தியவர் திருத்திவிட்டார். நான் முதல் மெயிலைப் பார்த்து எழுதியதோடு சரி, அனுப்புவதற்கு முன் மருத்துவமனைக்கு ஒரு போன் போடவில்லை. இரண்டு நிமிட வேலை அது.

மாலை ஐந்தரைக்குத் தெரிந்தது. அக்கா திட்டவில்லை. “போனை எடு, நான் மூணு பேர்கிட்ட பேசறேன், நீ நாலு பேர்கிட்ட பேசு” என்றார். ஆறு இடங்களில் மாற்றிவிட்டார்கள். ஓர் இடத்தில் மட்டும் மாவட்டப் பக்கம் அச்சுக்குப் போய்விட்டிருந்தது. நகரப் பதிப்பு இரவு வரை திறந்திருக்கும், வெளியூர்ப் பதிப்பு சீக்கிரம் முடிந்துவிடும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். திருத்தம் கேட்டோம். சனிக்கிழமை காலைப் பேப்பரில் நாலு வரியில் போடுவதாகச் சொன்னார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை பேப்பரைப் படித்துவிட்டு சனிக்கிழமை விடியலில் கிளம்புகிறவர் அந்த நாலு வரியை எங்கே பார்ப்பார்?

“நாளைக்கழிச்சு காலையில நீ அங்க போய் நில்லு” என்றார் அக்கா. நானும் அதைத்தான் கேட்க நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை அதிகாலை மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து திருத்தணி மின்சார ரயில். ஏழரைக்குப் பள்ளி வாசலில் நின்றேன். கேட் பூட்டியிருந்தது. எட்டு மணிக்கு முதல் ஜோடி வந்தது. பள்ளிப்பட்டு பக்கத்தில் ஒரு கிராமம். தாத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. பாட்டி கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்கள். முகாம் நாளைக்குத்தான், நான்தான் தப்பாக எழுதிவிட்டேன் என்று சொன்னேன். தாத்தா சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு பேப்பர் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். “பேப்பர்ல போட்டிருந்துச்சேம்மா” என்றார்.

என்னைக் குற்றம் சொல்வதற்காக அவர் அதை நீட்டவில்லை. எனக்குத்தான் விவரம் தெரியவில்லை, பேப்பரில் இருப்பதுதான் சரியாக இருக்கும் என்று நம்பி நீட்டினார்.

பாட்டி கணக்குச் சொன்னார். டவுன் பஸ்ஸில் அவருக்கு டிக்கெட் இல்லை, தாத்தாவுக்கு மட்டும்தான். அது பரவாயில்லை. ஆனால் அன்றைக்கு நூறு நாள் வேலைக்குப் போகாமல் வந்திருந்தார். அந்தக் கூலி போனது போனதுதான். இதையெல்லாம் சொல்லிவிட்டு, “காலைல சாப்பிட்டியாம்மா?” என்று என்னைக் கேட்டார். எதிர்ப்பக்க டீக்கடைக்கு அவர்களைக் கூட்டிப் போய் உட்கார வைத்துவிட்டு ஓடி வந்து மறுபடி வாசலில் நின்றேன்.

பதினொரு மணிக்குள் பதினொரு பேர் வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் அதே வார்த்தையைச் சொன்னேன். பெயரும், வீட்டில் யாருடைய போன் நம்பராவது ஒன்றும் வாங்கி எழுதிக்கொண்டேன். மருத்துவமனை ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னபோது, மறுநாள் வேன் அனுப்ப ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாத்தாவும் பாட்டியும் வேனில் வந்து இறங்கினார்கள். அவரை அறுவை சிகிச்சைக்கு எழுதினார்கள். பதினொரு பேரில் ஏழு பேர் வந்தார்கள். நாலு பேர் வரவில்லை. இரண்டு நம்பருக்கு அழைத்தும் யாரும் எடுக்கவில்லை. இந்த நாலு பேரை நான் மறக்கவில்லை.

திங்கட்கிழமை வழக்கம்போல ஸ்கேலும் கத்தரிக்கோலும். வெள்ளிக்கிழமை பேப்பர் அடுக்கில் அந்தச் செய்தி இருந்தது. வெட்டி ஒட்டி அளந்தேன். இரண்டு பத்தி, பதினொரு சென்டிமீட்டர். 22 காலம் சென்டிமீட்டர். சரியான நாளைப் போட்ட ஆறு பத்திரிகைகளைவிட இதில்தான் செய்தி பெரிதாக வந்திருந்தது. கணக்குப்படி பார்த்தால் முகாமுக்குக் கிடைத்த கவரேஜிலேயே மதிப்பு அதிகமானது அதுதான். பதினொரு பேரைப் பூட்டிய கேட்டுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திய துண்டு அது. என் கை எக்செல் தாளில் அந்த எண்ணைப் போட மறுத்தது. அக்காவிடம் எடுத்துப் போனேன். கொஞ்ச நேரம் பார்த்தார். “இதைச் சேர்க்க வேணாம். என்ன நடந்ததுன்னு ஒரு பக்கம் எழுது, அதை ரிப்போர்ட்ல வைக்கலாம்” என்றார். எழுதினேன். வேலை நிரந்தரமாகக் கிடைக்குமோ இல்லையோ என்ற பயம் அதை எழுதும்போது இருந்தது உண்மை. கிளையன்ட் படித்துவிட்டு, அடுத்த முகாமுக்கும் தமிழ்க் குறிப்பை இந்தப் பெண்ணே எழுதட்டும் என்று பதில் போட்டார்கள்.

விளம்பரக் கட்டணத்தோடு ஒப்பிட்டு மக்கள் தொடர்பை அளக்கக் கூடாது என்று 2010-இலேயே பார்சிலோனாவில் கூடிய அளவீட்டு வல்லுநர்கள் அறிவித்துவிட்டார்கள். பார்சிலோனா கோட்பாடுகள் என்று அதற்குப் பெயர். நான் அதை ஐந்து மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்து எழுதியவள். இப்போது மறுபடி எடுத்துப் படித்தேன். எவ்வளவு இடத்தில் வந்தது என்று பார்க்காதே, வந்ததால் யாருக்கு என்ன ஆனது என்று பார் என்பதுதான் அதன் சாரம். எனக்கு அது பள்ளிப்பட்டுத் தாத்தாவின் சட்டைப் பை.

ஐவி லீயையும் மறுபடி படித்தேன். மக்கள் தொடர்பின் தொடக்கம் என்று எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் வருகிற அமெரிக்கர். 1906-இல் பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஓர் அறிவிப்பு எழுதினார். எங்கள் வேலை எல்லாம் வெளிப்படையானது, நாங்கள் தருவது செய்தி, இது விளம்பரப் பிரிவுக்குப் போக வேண்டியது என்று உங்களுக்குத் தோன்றினால் பயன்படுத்தாதீர்கள் என்பது அதன் கருத்து. நூறு வருடத்துக்கும் முன்னால் செய்தி வேறு, விளம்பரம் வேறு என்று எழுதிவைத்தவர். ஆனால் அவரே 1914-இல் கொலராடோ சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது சுரங்க நிறுவனத்தைக் கையில் வைத்திருந்த ராக்பெல்லர் தரப்புக்காக வெளியிட்ட துண்டறிக்கைகளில், தொழிற்சங்கத் தலைவர்கள் ஒரு வருடத்துக்கு வாங்கிய தொகையை ஒன்பது வாரத்துக்கு வாங்கியதாகப் போட்டார். தவறு தெரிந்தும் திருத்தம் உடனே போகவில்லை. எங்கள் பாடத்தில் 1906 இருக்கிறது, 1914 இல்லை. என்னைக் கேட்டால் இரண்டையும் ஒரே நாளில் சொல்லித்தர வேண்டும். எண்ணோ நாளோ தவறாகப் போனால் அந்த மாலையே போனை எடுக்க வேண்டும் என்பது முதல் செமஸ்டரிலேயே ஒரு மாணவிக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

இப்போது மூன்றாம் ஆண்டு. எதை எழுதினாலும் அனுப்புவதற்கு முன்னால் இரண்டு காரியம் செய்கிறேன். நாள், நேரம், இடம் மூன்றையும் சம்பந்தப்பட்டவரிடம் போனில் வாசித்துக் காட்டி ‘சரி’ என்ற வார்த்தையை வாங்குகிறேன். அப்புறம் அருப்புக்கோட்டையில் தறி வேலை பார்க்கும் என் சித்திக்குப் போன் செய்து முழுவதையும் படித்துக் காட்டுகிறேன். சித்தி என்ன கேட்கிறாரோ, அது என் குறிப்பில் விட்டுப்போனது. போன வாரம் எங்கள் கல்லூரி ரத்த தான முகாமுக்கு எழுதியதைப் படித்தேன். தறிச் சத்தத்துக்கு நடுவே முழுவதையும் கேட்டுவிட்டு, “ஏண்டி, வெறும் வயித்துல வரணுமா, சாப்பிட்டுட்டு வரணுமா?” என்றார்.

சாப்பிட்டுவிட்டுத்தான் வர வேண்டும். மூன்றாவது வரியில் அதைச் சேர்த்தேன்.