நைரோபியில் எம்-பெசாவுடன் வாழப் பழகியது

கைப்பேசி என்பது முதலில் பேசுவதற்கும் பிறகு மற்றவற்றுக்கும் பயன்படும் பொருள் என்ற எண்ணத்தோடு கென்யாவுக்கு வருபவர் சில வாரங்களிலேயே அந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். இங்கே அது முதலில் பணப்பை. பேச்சு அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகிறது. 2010ஆம் ஆண்டு, நைரோபியின் தொழிற்பேட்டைப் பகுதியில் உள்ள ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் கணக்காளராகச் சேர்ந்தபோது, வங்கிக் கணக்கு தொடங்கிவிட்டாயா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. லைன் வாங்கியாயிற்றா, எம்-பெசா என்னும் கைப்பேசிப் பணச் சேவையில் பதிந்தாயிற்றா என்றுதான் கேட்டார்கள்.

பதிவு செய்வதற்குக் கடவுச்சீட்டு போதும். தெருவுக்குத் தெரு பச்சை வண்ணம் அடித்த முகவர் கடைகள் இருந்தன. ஆள் ஒருவர் உட்காரும் அளவே உள்ள தகரப் பெட்டிக்குள், கம்பி வலைக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தார். அவர் முன்னே ஒரு நீளமான பேரேடு. காசைக் கொடுத்தால் எண்ணிப் பார்த்துவிட்டுத் தம் கைப்பேசியில் சில பொத்தான்களை அழுத்துவார், நம் கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்து விழும், அதில் உள்ள பரிவர்த்தனை எண்ணையும் நம் அடையாள எண்ணையும் பேரேட்டில் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்வார். வங்கியில் ஒரு முற்பகலைத் தின்றுவிடும் வேலை, பால் பாக்கெட் வாங்கும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது. இத்தனைக்கும் என் கையில் இருந்தது பொத்தான் வைத்த சாதாரண நோக்கியாதான். பட்டியல் முழுவதும் சிம் அட்டைக்குள்ளேயே இருந்ததால் இணையம் தேவைப்படவில்லை. நான்கு இலக்க ரகசிய எண்ணும் கோபுர சமிக்ஞையும் இருந்தால் ஏரிக்கரைக் கிராமத்திலிருந்தும் பணம் அனுப்பலாம்.

இந்த ஏற்பாடு பிறந்த கதையை அலுவலகத்தில் மூத்தவர்கள் தேநீர் நேரத்தில் சொல்வார்கள். பிரிட்டிஷ் அரசின் வளர்ச்சி உதவி நிதியோடும் வோடஃபோன் நிறுவனத்தின் முதலீட்டோடும் 2005ஆம் ஆண்டில் நைரோபியிலும் திக்காவிலும் சோதனை தொடங்கியபோது, சிறுகடன் வாங்கியவர்கள் தவணையைக் கைப்பேசி வழியே கட்டுவதற்கான வழியாகவே அது வடிவமைக்கப்பட்டிருந்தது. ஆனால் சோதனையில் சேர்ந்தவர்கள் தவணை கட்டியதோடு நிற்காமல், ஊரில் இருக்கும் தாய்க்கும் கடை வைத்திருக்கும் தம்பிக்கும் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். கென்யாவின் கைப்பேசி நிறுவனமான சஃபாரிகாம் அந்தப் பயன்பாட்டையே முன்னிறுத்தி, வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள் என்ற அழைப்போடு 2007 மார்ச்சில் எம்-பெசாவை நாடு முழுவதும் கொண்டுவந்தது. அதற்கு முன்பு நகரத்தில் உழைப்பவரின் பணம் பேருந்து ஓட்டுநரின் சட்டைப் பையிலோ, ஊருக்குப் போகும் உறவினரின் உறையிலோதான் கிராமத்தைச் சென்றடைந்தது. சென்றடையாமல் போனதும் உண்டு. 2007 இறுதித் தேர்தலை ஒட்டி வன்முறை வெடித்து, 2008 தொடக்கத்தில் சாலைகளும் கடைகளும் மூடிக் கிடந்த வாரங்களில், வெளியே போக முடியாமல் வீட்டுக்குள் அடைபட்டிருந்த உறவினர்களுக்குப் பேச்சுநேரத்தையும் பணத்தையும் கைப்பேசி வழியே அனுப்பினார்கள். அந்த வாரங்களில்தான் இதன் மேல் தங்களுக்கு நம்பிக்கை வந்தது என்று எங்கள் கிடங்கு மேற்பார்வையாளர் சொல்வார்.

நான் வந்த ஆண்டின் ஆகஸ்டில் சஃபாரிகாமின் போட்டியாளரான ஜைன் நிறுவனம் பேச்சுக் கட்டணத்தை நிமிடத்துக்கு 3 ஷில்லிங் என்று பாதியாகக் குறைத்துக் கட்டணப் போரைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் இப்படி நடந்திருந்தால் பாதி ஊர் மறுநாளே சிம்மை மாற்றியிருக்கும். இங்கே மலிவான சிம்மையும் வாங்கி வைத்துக்கொண்டார்களே தவிர, பழைய சஃபாரிகாம் சிம்மைத் தூக்கி எறியவில்லை. பணம் அதில் இருந்தது, பணம் அனுப்புகிற எல்லாரும் அதில் இருந்தார்கள். ஆகவே பேசுவதற்கு ஒன்று, பணத்துக்கு ஒன்று என்று இரண்டு சிம்களோடு திரிவது வழக்கமாயிற்று. என் மேசையிலும் பல ஆண்டுகள் இரண்டு கைப்பேசிகள் கிடந்தன.

கணக்காளன் என்ற முறையில் எனக்கு மிகவும் நெருக்கமாகத் தெரிந்த மாற்றம் கூலிப் பட்டுவாடாவில் வந்தது. தொடக்கத்தில் சனிக்கிழமை மதியம் வாரக்கூலித் தொழிலாளர்களுக்கு உறைகளில் பணம் போட்டுக் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை வங்கியிலிருந்து பணத்தைக் கொண்டுவருவதற்குள் வயிற்றைக் கலக்கும். கொண்டுவந்த பிறகு ஐந்து ஷில்லிங் நாணயம் வரை எண்ணிப் போடுவதற்குள் கண் பூத்துவிடும். மொத்தப் பட்டுவாடாவை எம்-பெசா வழியே செய்யத் தொடங்கியபின், மாலை நான்கு மணிக்கு நான் ஒரு பட்டியலை ஏற்றினால், சற்று நேரத்தில் இயந்திரக் கூடம் முழுவதும் குறுஞ்செய்தி ஒலி அடுத்தடுத்து எழும். பட்டியலில் யாருடைய எண் தவறியது என்பதை அந்த ஒலி வராத முகத்தைப் பார்த்தே கண்டுகொள்ளலாம். அன்று மாலை வாயிலுக்கு எதிரே உள்ள முகவர் கடையில் வரிசை நீளும். பத்துப் பதினைந்து பேர் எடுத்ததுமே அங்கே ரொக்கம் தீர்ந்துவிடும். முகவர் தொழிலின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. கைப்பேசிக்குள் இருக்கும் பணம், இழுப்பறைக்குள் இருக்கும் பணம் என இரண்டு இருப்புகளை அவர் சமன் செய்துகொண்டே இருக்க வேண்டும். நகரத்தில் பெரும்பாலும் ரொக்கத்தைப் போடுகிறார்கள், கிராமத்தில் எடுக்கிறார்கள். ஆகவே ஊர்ப்புற முகவர் அடிக்கடி பேருந்து ஏறி நகரத்துக்குப் போய்த் தாளாக மாற்றி வர வேண்டியிருக்கிறது. பணம் ஒளிவேகத்தில் போகிறது என்று விளம்பரப்படுத்துபவர்கள் இந்தப் பேருந்துப் பயணத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வீட்டுக்கு அருகில், பார்க்லேண்ட்ஸ் பகுதியில், மரப் பலகை மேல் தக்காளியும் சுக்குமா கீரையும் பரப்பி விற்கும் ஒரு அம்மாவிடம் நாங்கள் காய் வாங்கினோம். தெருவில் எல்லாரும் அவருடைய மூத்த மகன் பெயரைச் சொல்லி இன்னாரின் அம்மா என்றே அவரை அழைத்தார்கள். முதல்முறை அவருக்குக் கைப்பேசியில் பணம் அனுப்பியபோது, உறுதிச் செய்தியில் ஞானஸ்நானப் பெயரும் குலப் பெயரும் தந்தையின் பெயருமாக அவருடைய முழுப் பெயர் வந்தது. என் மனைவி அதைப் பார்த்து வாசித்துக் காட்ட, அவர் வெட்கத்தோடு சிரித்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பிறகு யாரும் தம்மை அப்படிக் கூப்பிட்டதில்லை என்றார். அக்காலத்தில் பணம் அனுப்பினால் பெறுபவரின் பெயர் தெரிந்துவிடும் என்பதால் காவலாளி, தண்ணீர் லாரிக்காரர், குழாய் பழுது பார்ப்பவர் என்று எங்களுக்குப் பழக்கமான எல்லாருடைய முழுப் பெயர்களும் குறுஞ்செய்திப் பெட்டியில் சேர்ந்தன. வணிகர்களுக்கான லிப்பா நா எம்-பெசா சேவை 2013இல் வந்தபின் கடைச் சுவர்களில் பணம் செலுத்துவதற்கான கடை எண்களான டில் எண்கள் ஏறின, பெயர்கள் மெல்லக் கடைப் பெயர்களாக மாறின.

இவற்றையெல்லாம் விட, குடியேறியவனுக்குக் கற்றுக்கொள்ளக் கடினமாக இருந்தது கேட்பதும் கொடுப்பதும் பற்றிய ஒழுங்குதான். பேச்சுநேரம் இல்லாதவர் ‘என்னை அழைக்கவும்’ என்று இலவசச் செய்தி அனுப்பலாம். நம்மூர் மிஸ்டு காலின் உறவுதான் அது. ஆனால் இங்கே அழைத்த பிறகு பெரும்பாலும் ஒரு வேண்டுகோள் இருக்கும்: பள்ளிக் கட்டணத்தில் குறைகிற தொகை, மருந்துச் சீட்டு, ஊருக்குப் போகப் பேருந்துக் கட்டணம். பணம் கையில் இல்லை என்று தட்டிக்கழிக்கிற பழைய வழி இங்கே எடுபடாது, ஏனென்றால் பணம் எப்போதும் கையில்தான் இருக்கிறது, அது எல்லாருக்கும் தெரியும். கேட்ட தொகை முழுவதையும் கொடுக்க யாரும் எதிர்பார்ப்பதில்லை என்பதையும், ஆயிரம் கேட்டவருக்கு இருநூறு அனுப்பினால் அது அவமதிப்பாகாமல் பங்காகவே கொள்ளப்படும் என்பதையும், பதில் சொல்லாமல் இருப்பதுதான் உண்மையான அவமதிப்பு என்பதையும் எங்கள் காவலாளியிடம்தான் கற்றுக்கொண்டேன். அவரே தம் சொற்பக் கூலியிலிருந்து பலருக்கு அப்படிப் பங்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

சாவுக்குப் பணம் திரட்டும் விதத்தைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர் மொய் நோட்டு நினைவுக்கு வந்தது. தொழிற்சாலையில் ஒருவரின் தந்தை இறந்தால் அன்று மாலைக்குள் வாட்ஸ்அப் குழு ஒன்று உருவாகிவிடும். உடலை மேற்கு கென்யாவிலுள்ள சொந்த ஊருக்கு எடுத்துச் சென்று குடும்ப நிலத்தில் புதைக்க வேண்டும். சவப்பெட்டி, வண்டி, மருத்துவமனைப் பாக்கி, வருகிறவர்களுக்குச் சாப்பாடு என்று செலவு ஏறும். பொருளாளராக ஒருவரைத் தேர்ந்து அவர் எண்ணுக்கு எல்லாரும் அனுப்புவார்கள். அனுப்பியவர் குழுவில் உள்ள பட்டியலை நகல் எடுத்து, கடைசியில் தம் பெயரையும் தொகையையும் சேர்த்து மறுபடியும் பதிவிட வேண்டும். இப்படியே பட்டியல் வரிசை எண்ணோடு வளர்ந்து, திரும்பத் திரும்பத் திரையில் ஏறும். யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார், யார் இன்னும் கொடுக்கவில்லை என்பது அத்தனை பேருக்கும் வெளிச்சம். இதில் ஒளிவுமறைவு இல்லை என்று புகழ்பவர்களும் உண்டு. நெருக்குதல் என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. இரண்டும் உண்மை என்றே எனக்குப் படுகிறது. எங்கள் மொய்யைப் போலவே, கொடுத்தது ஒருநாள் திரும்பி வரும் என்ற கணக்கும் இதன் அடியில் ஓடுகிறது.

கடன் கைப்பேசிக்குள் புகுந்ததை மட்டும் என்னால் அவ்வளவு எளிதாக ஏற்க முடியவில்லை. 2012 நவம்பரில் எம்-ஷ்வாரி வந்தது. சேமிக்கவும் 30 நாள் கடன் வாங்கவும் வழி செய்த அதில் கடனுக்குக் கட்டணம் 7.5 விழுக்காடு. மாதத்துக்கு என்று பார்த்தால் சிறிதாகத் தெரியும் அந்த எண்ணை ஆண்டுக்குப் பெருக்கிப் பார்ப்பது கணக்காளனின் கெட்ட பழக்கம். 2019இல் வந்த ஃபுலிசா இன்னும் நுட்பமானது. இருப்பைத் தாண்டிச் செலவு செய்ய விடும், அடுத்து எந்தப் பணம் வந்தாலும் முதலில் தன் பாக்கியைத் தானே எடுத்துக்கொள்ளும். சனிக்கிழமைக் குறுஞ்செய்தி ஒலிக்கும்போது முகம் மலராத தொழிலாளர்களை அதன் பிறகுதான் பார்த்தேன். கூலி வந்த கணமே பாதி போயிருக்கும். கால்பந்துப் பந்தயமும் அதே திரையில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும், மின்சார இணைப்பில்லாத வீடுகள் சூரிய விளக்கைத் தினத் தவணையில் கைப்பேசி வழியே கட்டி வாங்கியதும் இதே ஏற்பாட்டால்தான்.

வீட்டிலும் அதே கதை. மின்சார மீட்டர் முன்கட்டண வகை. இரவில் திடீரென்று விளக்கு அணைந்தால் ஊர் முழுவதும் போயிற்றா, நம் வீட்டில் மட்டும் போயிற்றா என்று சன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, நம் வீட்டில் மட்டும்தான் என்றால் கைப்பேசியில் பணம் கட்டி, குறுஞ்செய்தியில் வரும் 20 இலக்க டோக்கனை மீட்டரில் அழுத்துவோம். மகள் கைப்பேசி வெளிச்சத்தில் எண்களை நான்கு நான்காக வாசிப்பாள், நான் அழுத்துவேன். டோக்கன் வரத் தாமதமாகும் இரவுகளில் அண்டை வீட்டுக் குஜராத்திப் பாட்டி மெழுகுவத்தியோடு வந்து உட்கார்ந்து, தம் சிறுவயதில் மின்சாரமே இல்லாத நாட்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவார்.

தமிழ்நாட்டில் இருக்கும் என் அம்மாவுக்கு 2016க்குப் பிறகு இதெல்லாம் வியப்பில்லாமல் போய்விட்டது. ‘இங்கே இளநீர்க்காரர்கூட க்யூஆர் அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறார், நீ என்னவோ அங்கே மட்டும்தான் என்கிறாயே’ என்பார். யுபிஐ வந்த வேகமும், அனுப்புபவருக்குக் கட்டணமின்மையும் எனக்கும் பெருமைதான். இங்கே மிகச் சிறு தொகைகளைத் தவிர மற்ற அனுப்புதல்களுக்குக் கட்டணம் உண்டு. கொரோனா காலத்தில், 2020 மார்ச்சிலிருந்து அவ்வாண்டின் இறுதி வரை, 1,000 ஷில்லிங் வரையிலான தொகைக்கு அதை நீக்கியபோது எவ்வளவு சிறு தொகைகள் கைமாறக் காத்திருந்தன என்பது எங்கள் தெருவிலேயே தெரிந்தது. ஆனால் யுபிஐக்குப் பின்னால் ஒரு வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். வங்கியின் படியை மிதிக்காதவரிடம் கணக்கு ஒன்றை அவர் கையிலேயே கொடுத்தது எம்-பெசா. அம்மாவிடம் இதை விளக்கினால், ‘சரி, அதற்காகக் கட்டணம் வாங்கலாமா?’ என்று முடித்துவிடுவார். பதில் சொல்ல எனக்கும் இன்னும் தெரியவில்லை.

கைப்பேசிக்கு நெடுங்காலம் வளைந்து கொடுக்காத இடம் மட்டாட்டு என்னும் சிற்றுந்துதான். கட்டணத்தை ரொக்கமின்றி வாங்க வேண்டும் என்று 2014இல் அரசு எடுத்த முயற்சி பலிக்கவில்லை. முதலாளிக்கு நாள்தோறும் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை ஓட்டுநரும் நடத்துநரும் பங்கிடுகிற தொழிலில், தடயம் விடாத காசுக்குத்தான் மதிப்பு. வழியில் மறிக்கிற கைகளுக்கும் அதுவே வசதி. இப்போது நடத்துநர்கள் கைப்பேசியில் வாங்குகிறார்கள், ஆனால் பல வண்டிகளில் சுவரில் ஒட்டியிருக்கும் முதலாளியின் டில் எண்ணைக் காட்டாமல் தம் சொந்த எண்ணைச் சொல்கிறார்கள். பின் இருக்கையில் நால்வர் உட்கார்ந்தால் ஒருவர் மொத்தமாக அனுப்பிவிட, மற்ற மூவரும் ஓடும் வண்டியிலேயே அவருக்கு அனுப்பி முடிக்கிறார்கள். நான் மட்டும் இன்றும் ஐம்பது ஷில்லிங் தாள் சிலவற்றைச் சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கிறேன், அதைப் பார்த்து நடத்துநர்கள் மகிழ்ச்சியோடு முன் இருக்கையைக் காட்டுகிறார்கள்.