போனைப் பிடுங்காமல் நடந்த சிகிச்சை

பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் விடிய விடிய போனில் பி.ஜி.எம்.ஐ. என்ற துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடிவிட்டு, காலையில் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்தான். "போனைப் பிடுங்கி உடைச்சுப் போடு" என்றார்கள் சொந்தக்காரர்கள். நாங்கள் அவனிடம் சொல்லிவிட்டே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனோம்.

டாக்டர் முதலில் தூக்கம், சாப்பாடு, படிப்பு பற்றிக் கேட்டார். மனச்சோர்வோ கவனக்குறைபாடோ இருக்கிறதா என்றும் பார்த்தார். "அதிகமா விளையாடுறதையே நோய்னு சொல்ல மாட்டோம்மா. நிறுத்த முடியலை, மத்ததெல்லாம் பின்னால போயிடுச்சு, கெடுதல் தெரிஞ்சும் விட முடியலைன்னாதான் நோய். பெரும்பாலும் இது ஒரு வருஷமாவது நீடிச்சிருக்கணும்" என்றார். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 என்ற நோய்ப் பட்டியல் இதை நோயாகவே சேர்த்திருக்கிறது. இதற்கென்று தனி மாத்திரை இல்லை, பேச்சுவழிச் சிகிச்சைதான். கூடவே வேறு பிரச்சினை இருந்தால் அதற்கு மருந்து தருவார்கள். இவனுக்குத் தேவைப்படவில்லை.

அப்புறம் சைக்காலஜிஸ்ட். அவர் உட்கார்ந்ததும், "எனக்கு அந்த கேமைச் சொல்லிக் கொடு தம்பி" என்றார். வீட்டில் வாய் திறக்காதவன் எரங்கல் மேப், ரேங்க் புஷ், சீசன் மாறினால் ரேங்க் இறங்குவது என்று கொட்டித் தீர்த்தான். ஒரு மேட்ச் அரை மணி நேரம் வரை போகுமாம். நடுவில் நிறுத்திவைக்க முடியாது; விட்டுவிட்டு வந்தால் ஸ்குவாடில், அதாவது அவன் அணியில் இருக்கும் மற்ற மூன்று பேரும் மாட்டிக்கொள்வார்கள். ஒன்பது மணியானால் எங்கள் வீட்டில் ஏன் சண்டை வெடிக்கிறது என்பது அங்கேதான் விளங்கியது. எட்டரைக்கு மேல் புது மேட்ச் ஆரம்பிப்பதில்லை என்று அவனே ஒப்புக்கொண்டான்.

ஒரு நோட்டும் கொடுத்தார். விளையாடத் தோன்றும்போதெல்லாம், அதற்கு முன் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் "மேத்ஸ் டெஸ்ட்", "மேத்ஸ் ஹோம்வொர்க்". பத்தாவது வரை தமிழ் வழியில் படித்த பிள்ளை, ஆங்கில வழி வகுப்பில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கிறான். ஸ்குவாடிலோ அவன்தான் லீடர். அவன் சொன்னால் கேட்கிறார்கள். அந்த நோட்டைப் பார்த்து நான் அழுதேன். தமிழில் விளக்கிச் சொல்லும் ஒரு கணக்கு ஆசிரியரைத் தேடிப் பிடித்தோம்.

ஆரம்ப வாரங்கள் கஷ்டம்தான். எரிச்சல், கோபம், தட்டைத் தள்ளிவிடுவது. இதெல்லாம் வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் சமாளித்தோம். இரவு பத்து மணிக்கு எல்லோருடைய போனும் ஃபிரிட்ஜ் மேலே போய்விடும், அவன் அப்பாவுடையதும் சேர்த்து. அரையாண்டுத் தேர்வு சமயத்தில் மறுபடி ராத்திரி விளையாட்டு தலைதூக்கியது. சைக்காலஜிஸ்ட் பதறவில்லை, நோட்டை எடுக்கச் சொல்லி, எந்த நாளில் ஆரம்பித்தது என்று அவனோடு சேர்ந்து தேடினார். இப்போது பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறான், ஞாயிற்றுக்கிழமை விளையாடுகிறான். சிகிச்சை இன்னும் தொடர்கிறது.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவர்கள் 14416-க்கு அழைக்கலாம். டெலி மானஸ் என்ற, போனிலேயே மனநல ஆலோசனை தரும் அரசுச் சேவை அது. இலவசம், தமிழிலேயே பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் போன், இன்டர்நெட், கேம் பிரச்சினைகளுக்கென்றே ஷட் கிளினிக் என்ற பிரிவு இயங்குகிறது. எங்கே போனாலும், எதற்காகப் போகிறோம் என்பதைப் பிள்ளையிடம் சொல்லிவிட்டே கூட்டிப் போங்கள். வேறு ஏதோ காரணம் சொல்லி அழைத்துப் போயிருந்தால், என் மகன் அந்த அறையில் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டான்.