தங்கப் படலமும் சித்திரைக் காவிரியும்

எங்கள் வயல் காவிரி ஓடும் திருவையாற்றுப் பக்கம். வேலையோ ஆய்வுக்கூடத்தில்; கண்ணாடிச் சில்லின்மேல் தங்கத்தை ஆவியாக்கி மெல்லிய படலமாகப் படியவைத்து, நாலுமுனைக் கருவியால் மின்தடை எடுத்துக்கொண்டிருந்தேன். அறை வெப்பநிலையில் தங்கத்துக்குள் ஓர் எலக்ட்ரான் மோதாமல் ஓடும் சராசரி தூரம் ஏறத்தாழ 38 நானோமீட்டர். படலம் அதைவிட மெலிந்தால் எலக்ட்ரான் அதன் மேல்பரப்பிலும் அடிப்பரப்பிலும் முட்டிக்கொள்கிறது. அதே தங்கம்தான், மின்தடை எண் ஏறிவிடுகிறது! 1938இல் இயற்பியலாளர் ஃபுக்ஸ் இதற்குக் கணக்குப் போட்டார். ஆனால் பரப்பை மட்டும் குறை சொல்வது சரியில்லை. படலத்துக்குள் ஒட்டிக்கிடக்கும் சின்னஞ்சிறு படிகமணிகளின் எல்லைகளும் எலக்ட்ரானை மறிக்கின்றன.

எனக்குப் பிடித்தது இன்னும் மெல்லிய படலம். சில நானோமீட்டரே படிந்தால் தங்கம் தனித்தனித் திட்டாக நிற்கும், சித்திரையில் காவிரி மணலில் அங்கங்கே கிடக்கும் குட்டைகள் மாதிரி. மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை. முதல்முறை கம்பி விட்டுப்போச்சு என்று மதியம் முழுக்க இணைப்புகளைச் சோதித்தேன்.