மழைக்காலத்தில் பொட்டாசியம் கார்பனேட்டை எடை போடுவது

எம்.எஸ்சி. இயற்பியல் புராஜெக்டுக்கு ஈயமில்லாத பீசோ பீங்கான் (அழுத்தினால் மின்சாரம் தரும் பீங்கான்) எடுக்கலாமா என்று இந்த வருடமும் இரண்டு ஜூனியர்கள் கேட்டார்கள். மதுரையில் படித்தபோது இதே தலைப்பில் ஒரு வருடம் முட்டி மோதியவன் நான். போனில் பாதி பாதியாகச் சொல்வதைவிட எழுதிவிடுகிறேன்.

முதலில் பொருளைத் தேர்ந்தெடுப்பது. வழக்கமான பீசோ பீங்கானான லெட் சிர்கோனேட் டைட்டனேட், அதாவது பி.இசட்.டி., எடையில் 60 சதவீதத்துக்கு மேல் ஈய ஆக்சைடு. சின்டரிங், அதாவது பொடியை உருக்காமல் சுட்டு இறுக்கும் வேலை, நடக்கும் சூட்டில் அதில் கொஞ்சம் ஆவியாகிப் போகும். ஐரோப்பாவின் ரோஸ் (RoHS) விதிகள் 2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோதே மின்னணுப் பொருள்களில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. ஆனால் பீசோ பீங்கானுக்கு விலக்கு கொடுத்தார்கள். அதற்கு ஈடாக எல்லா வேலைக்கும் பொருந்தும் மாற்று கிடைக்கவில்லை என்பதுதான் காரணம். வைவாவில் கட்டாயம் கேட்பார்கள், இந்த விலக்கை மறந்துவிடாதீர்கள்.

மாற்றாகப் பேசப்படுபவை முக்கியமாக மூன்று குடும்பங்கள். பேரியம் டைட்டனேட் செய்வதற்கு எளிது, ஆனால் 120 டிகிரியைத் தாண்டினால் பீசோ குணம் போய்விடும். அதிலேயே கால்சியமும் சிர்கோனியமும் சேர்த்து 2009இல், பீசோ திறனைக் காட்டும் டி33 என்ற அளவில் 620 பிகோகூலும்/நியூட்டன் வரை எட்டினார்கள். என்ன, அதன் கியூரி வெப்பநிலை, அதாவது பீசோ குணம் போய்விடும் சூடு, 100 டிகிரிக்கும் கீழே இறங்கிவிட்டது. பிஸ்மத் சோடியம் டைட்டனேட்டைப் போலிங் செய்வது, அதாவது உயர் மின்னழுத்தம் கொடுத்துப் பீசோ குணம் வரவைப்பது, சிரமம். பொட்டாசியம் சோடியம் நியோபேட், நம் வாயில் கே.என்.என்., 420 டிகிரி வரை தாங்கும். 2004இல் ஜப்பானியக் குழு ஒன்று இந்தக் குடும்பத்தில் 416 காட்டியதும் எல்லோரும் இதன் பின்னால் ஓடினார்கள். நானும் ஓடினேன். புராஜெக்ட் முன்மொழிவில் 400க்கு மேல் எடுப்பேன் என்று எழுதியும் கொடுத்தேன்! அந்த 416 படிகத் துகள்களை ஒரே திசையில் அடுக்கி, வேறு தனிமங்களும் கலந்து எடுத்தது. சாதாரண பர்னஸில் சுட்ட வெறும் கே.என்.என். 80 சொச்சம்தான் தரும். கையில் நான்கே மாதம் என்றால் பேரியம் டைட்டனேட்டோடு நில்லுங்கள். மூன்றாம் செமஸ்டர் தொடக்கத்திலேயே ஆரம்பிக்க முடிந்தால் மட்டும் கே.என்.என். பக்கம் வாருங்கள்.

இனி உப்புக் கதை. 10 கிராம் கே.என்.என். செய்ய 2.009 கிராம் பொட்டாசியம் கார்பனேட், 1.541 கிராம் சோடியம் கார்பனேட், 7.729 கிராம் நியோபியம் ஆக்சைடு வேண்டும். கூட்டினால் 11.28 வரும், மிச்சமான 1.28 கிராம் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். இவ்வளவு அழகாக நோட்டில் கணக்குப் போட்டுவிட்டு, ஐப்பசி அடைமழையில் டப்பாவைத் திறந்து நிதானமாக எடை போட்டேன். பொட்டாசியம் கார்பனேட் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். தராசு 2.009 என்று காட்டியதில் எவ்வளவு உப்பு, எவ்வளவு தண்ணீர் என்பது யாருக்குத் தெரியும்? பொடியை வில்லையாக அழுத்திச் சுட்டெடுத்த பெல்லட் சுண்ணாம்புக்கட்டி போல இருந்தது.

பொட்டாசியம் குறைந்துவிட்டது என்று புரிந்தது. அடுத்த முறை புத்திசாலித்தனமாக இரண்டு கார்பனேட்டையும் ஐந்து சதவீதம் கூட்டிப் போட்டேன். பெல்லட் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிளாஸ்டிக் கவரில் போட்டு மேசையில் வைத்துவிட்டுத் தீபாவளிக்கு ஊருக்குப் போய் வந்தால், மழைக்கால வெல்லம் மாதிரி கசிந்து உதிர்ந்து கிடந்தது. லேப் அண்ணன் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "என்ன தம்பி, எங்க வீட்ல உப்பு ஜாடியிலயே நாலு அரிசியப் போட்டுத்தான் வைப்பாங்க. நீங்க இம்புட்டு படிச்சிட்டு இப்பிடித் திறந்து போட்டு வச்சிருக்கீங்க?"

அன்றிலிருந்து இப்படித்தான் செய்தேன். கார்பனேட்டுகளை ஓவனில் 200 டிகிரியில் இரவு முழுக்கக் காயவைத்து, டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய ஜாடியில்) ஆறவிட்டு, வெளியே எடுத்த உடனே எடை போட்டுவிடுவேன். டெசிகேட்டரில் நீல சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாகியிருந்தால் அன்றைக்கு எடை வேலை கிடையாது. பொடி அரைக்கும் பால் மில்லில் (ball mill) தண்ணீர் ஊற்றாதீர்கள், கார்பனேட் கரைந்துவிடும், எத்தனால்தான். சுட்ட பெல்லட்டையும் டெசிகேட்டரிலேயே வையுங்கள்.

சின்டரிங் 1100 டிகிரி சுமாருக்கு வரும். இன்னும் ஒரு நாற்பது டிகிரி ஏறினால் உருகத் தொடங்கிவிடும், அதனால் பத்துப் பத்து டிகிரியாக மாற்றிப் பாருங்கள். மூடிய அலுமினா குரூசிபிளில், அதே பொடிக்குள் பெல்லட்டைப் புதைத்துச் சுட்டால் பொட்டாசியமும் சோடியமும் ஆவியாவது குறையும். மாதாந்திர மின்தடை என்றைக்கு என்று பேப்பரில் பார்த்துவிட்டு பர்னஸை ஓட்டுங்கள், எனக்கு ஒரு ரன் பாதியில் நின்றது. அடர்த்தியை ஆர்க்கிமிடீஸ் முறையில் அளக்கத்தான் வேண்டும். முழு அடர்த்தி 4.51 என்று வைத்துக்கொண்டு 90 சதவீதமாவது வர வேண்டும். அதற்கு முன்னால் பெல்லட்டை டைல்ஸ் தரையில் லேசாகப் போட்டுப் பாருங்கள். மானாமதுரைப் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிற மாதிரிதான்: கணீரென்றால் தேறும், மொத்தென்றால் மறுபடி சுடணும்.

போலிங் வசதியும் டி33 மீட்டரும் எங்கள் கல்லூரியில் இல்லை, வெளியூர் ஆய்வகம் ஒன்றில் ஒரு நாள் அனுமதி வாங்கிப் போனேன். அங்கேதான் தெரிந்தது, போலிங் முடிந்து 24 மணி நேரம் கழித்துத்தான் டி33 அளக்க வேண்டுமாம். இரண்டு நாளாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு 3 கிலோவோல்ட் கொடுப்பார்கள். சிலிகான் எண்ணெய்க்குள் 'பட்' என்று சத்தம் கேட்டால் ஒரு பெல்லட் ஓட்டையாகிவிட்டது என்று அர்த்தம். ஆறேழு பெல்லட்டாவது கொண்டுபோங்கள். தனியாக ஸ்விட்சைத் தொடாதீர்கள். எனக்கு நான்கு தப்பின, அதிகபட்சம் 84.

வைவாவில் வெளித்தேர்வாளர் 84ஐப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. புராஜெக்ட் ரிப்போர்ட் அட்டையைப் பார்த்துவிட்டு, "சுற்றுச்சூழலுக்கு உகந்ததுன்னு போட்டிருக்கீங்களே, நியோபியம் எங்கிருந்து வருது?" என்றார். பிரேசில் என்று சொன்னேன். "அதைத் தோண்டிச் சுத்திகரிக்க ஆகிற செலவு?" எனக்குப் பதில் இல்லை. சுரங்கம் முதல் பீங்கான் வரை கணக்கிட்டு பி.இசட்.டி.யையும் கே.என்.என்.னையும் ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வந்திருக்கிறது. நியோபியம் பெறும் கட்டத்திலேயே சூழல் பாதிப்பு மிக அதிகம் என்று அதில் காட்டியிருக்கிறார்கள் என்று பிறகுதான் படித்தேன். அட்டையில் 'ஈயமற்ற' என்று மட்டும் போடுங்கள். 'உகந்த' என்று எழுதியே ஆக வேண்டுமென்றால், இந்த ஒப்பீட்டுக்கு முதல் அத்தியாயத்திலேயே இரண்டு பக்கம் ஒதுக்கிவிடுங்கள்.